துத்தம் போகாத விரல்

ஐம்பத்தோரு வயது வரை சண்முகராஜின் உடம்பில் ஒரு தையல் விழுந்தது கிடையாது. டிராக்டருக்கு அடியில் படுத்து எழுந்தே முப்பது வருஷத்தை ஓட்டிய மனிதருக்கு இது சாதாரண விஷயமல்ல. ஜாக்கி சரிந்து கால் போனவர், பெல்ட்டில் விரலைக் கொடுத்தவர் என்று ஓடைப்பட்டியிலேயே ஆள் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் சண்முகராஜ் ஒன்றே ஒன்றுதான் சொல்வார். “கவனம் இல்லாத பயலுக.”

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். சின்னமனூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து, பெரிய டிராக்டர்களில் கை பழகி, குட்டி டிராக்டர்கள் திராட்சை விளையும் பள்ளத்தாக்குக்கு வரத் தொடங்கியபோது சொந்த ஊரான ஓடைப்பட்டிக்கே திரும்பிவிட்டார். திராட்சைப் பந்தலின் கம்பி ஆளுயரத்துக்கு ஒரு சாண்தான் கூட இருக்கும். கல்தூண்களுக்கு நடுவே பெரிய வண்டி நுழையாது. குட்டி வண்டி குனிந்து போகிற ஆள் மாதிரி உள்ளே போய் உழுதுவிட்டும் மருந்தடித்துவிட்டும் வரும். அதன் பலவீனம் ஹைட்ராலிக். பின்னால் மாட்டிய மருந்து டேங்கைத் தூக்கி நிறுத்துவது ஆயிலின் அழுத்தம். ஆயிலில் தூசியோ தண்ணீரோ கலந்தால் ஃபில்டர் அடைக்கும். ஃபில்டர் அடைத்தால் பம்ப் இழுக்கத் தவிக்கும். டேங்க் தரையைவிட்டு எழாது. இந்த நோய்க்கு ஓடைப்பட்டியைச் சுற்றி எட்டு ஊருக்கும் வைத்தியர் சண்முகராஜ்தான்.

அவருடைய பெயரெல்லாம் வலது ஆள்காட்டி விரலில் இருந்தது. கசிவு எங்கே என்று மற்ற மெக்கானிக்குகள் டார்ச் அடித்துத் தேடும்போது, இவர் கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு குழாயின் மேல் விரலை ஓட்டுவார். “இங்கன” என்பார். அங்கேதான் இருக்கும். தேனியில் ஒரு மண்டபத்தில் கம்பெனிக்காரர்கள் ஒருநாள் பயிற்சி வைத்தபோது, ஓடும் இன்ஜினில் கசிவைக் கையால் தேடக்கூடாது, ஒரு அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும், அட்டை நனைகிற இடம்தான் ஓட்டை என்று காட்டினார்கள். சாப்பாட்டுப் பந்தியில் சண்முகராஜ் பக்கத்திலிருந்தவரிடம், “அட்டைக்கு என்ன தெரியும்? விரலுக்குத் தெரியும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அது நகைச்சுவையாகச் சொன்னதல்ல. அவர் அதை நம்பினார்.

கார்த்திகை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மொக்கைச்சாமி போன் செய்தார். அவர் தோட்டத்தில் முந்தின நாள்தான் கவாத்து முடிந்திருந்தது. கொடியை வெட்டிய காயத்தில் பூசணம் இறங்காமல் இருக்க, துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்க வேண்டும். விடியற்காலையிலேயே ஒரு டிரம்மில் நீல மயில்துத்தத்தையும் இன்னொன்றில் சுண்ணாம்பையும் கரைத்து இரண்டையும் சேர்த்துவிட்டார். சேர்த்த கலவையை அன்றைக்கே அடித்தாக வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் திரிந்து அடியில் மண்ணாகப் படிந்துவிடும். மேற்கே மேகமலையின் தலையில் மேகம் கட்டியிருந்தது. சாயங்காலம் மழை வரும் முன்னால் மருந்து கொடியில் காய்ந்திருக்க வேண்டும். டேங்கை நிரப்பி லிவரைத் தூக்கினால், வண்டி உறுமுகிறதே தவிர டேங்க் எழவில்லை.

சண்முகராஜ் போய் இறங்கியபோது மொக்கைச்சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வெட்டிய குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

“வாப்பா மெக்கானிக்கு. காலங்காத்தால கழுத்தறுத்திருச்சு உன் வண்டி.”

“நல்லா ஓடுனா உங்க வண்டி, நின்னா என் வண்டியாண்ணே?”

அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தது.

“உள்ள டீக்கடை போட்ருக்கீகளா? வண்டியை எப்பண்ணே கழுவுனீக?”

“போன வாரம். மருந்து படிஞ்சு கெடந்துச்சு. மோட்டார் ஓஸைப் போட்டு நல்லா அடிச்சு விட்டேன்.”

“எருமையைக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டிருக்கீக. சீட்டுக்கு அடியில மூச்சு விடுற மூடி ஒண்ணு இருக்குல்ல? அதுவழியா வயித்துக்குத் தண்ணி குடிச்சிருச்சு.”

குச்சி பொறுக்கிய பெண்களில் ஒருத்தி, “அதான் மூணு நாளா வண்டி முக்குச்சா?” என்றாள். மொக்கைச்சாமிக்கு முகம் சுருங்கியது. சண்முகராஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாலு பேர் பார்க்க வேலை செய்வது அவருக்குப் பிடிக்கும்.

முதலில் டேங்கில் இருந்த கலவையைத் திரும்ப டிரம்முக்கு இறக்கினார்கள். குழாய் நழுவி நீலத் தண்ணீர் சண்முகராஜின் இரண்டு கையிலும் சட்டையிலும் கொட்டியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கினார். சூடான ஆயில்தான் அழுக்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டேங்கைத் தாங்கும் லிஃப்ட் கைகளை முழுதும் இறக்கி, இன்ஜினை அணைத்து, ஃபில்டரைச் சுற்றி இருந்த மண்ணைத் துணியால் துடைத்தார். அடியில் பழைய அன்னக்கூடையை வைத்துப் போல்ட்டைக் கழற்றியதும் கலங்கல் ஆயில் வழிந்தது. ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்புக்குள் சளி மாதிரி அப்பியிருந்தது. இரும்புத்தூள் இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இல்லை. பம்ப் பிழைத்தது. ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி, புது ஃபில்டரைக் கையிறுக்கமாக வைத்து, அளவுக்கம்பியின் கோடு வரை ஆயில் ஊற்றினார். நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. இதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. வேலை சுத்தமான வேலை.

இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று வெளியேற லிஃப்டை ஏழெட்டு முறை தூக்கி இறக்கினார். எடையில்லாதபோது லிஃப்ட் கைகள் எழுந்தன. பாதி டேங்க் தண்ணீரை வைத்துத் தூக்கினால் எழுந்து, அரைநிமிஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சீட்டுக்கு அடியில் பம்பிலிருந்து வரும் இரும்புக் குழாயின் பக்கம் ஆயில் வியர்த்திருந்தது.

“அண்ணே, சீட்ல ஏறி உக்காருங்க. லிவரை மேல புடிங்க. நான் சொல்ற வரைக்கும் விட்ராதீக.”

பத்தடி தள்ளி, திராட்சை அடைக்கும் அட்டைப்பெட்டிகள் மடித்த வாக்கில் மார்பளவு அடுக்கி இருந்தன. ஒன்றைக் கிழித்து நீட்டியிருக்கலாம். சண்முகராஜ் குனிந்து, கழுத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, குழாயின் அடிவயிற்றில் விரலை ஓட்டினார். குழாயை இறுக்கியிருந்த கவ்வியைத் தாண்டியதும் விரல் நுனியில் எறும்பு கடித்தது.

கையை எடுத்துப் பார்த்தார். ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. இரத்தம்கூட வரவில்லை.

“என்னப்பா?” என்றார் மேலிருந்து மொக்கைச்சாமி.

“ஒண்ணுமில்ல. கண்டுபிடிச்சாச்சு. இன்ஜினை அமத்துங்க.”

அந்தப் புள்ளி வழியாக உள்ளே போனது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. டேங்கைத் தூக்கும் அழுத்தத்தில் முடியளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில், தோலைக் கிழிக்காது, துளைக்கும். துளைத்தது அங்கேயே நிற்காது. நரம்பின் உறையைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கை வரை ஓடும். உள்ளே சதையை வேகவைக்கும், இரத்த ஓட்டத்தை நெரிக்கும். மேலே பார்த்தால் புள்ளிதான். முதல் இரண்டு மூன்று மணி நேரம் பெரிய வலியும் இருக்காது, மரத்துப்போகும். ஆளைக் கெடுப்பது அந்த வலியில்லாத நேரம்தான். அதற்குள் கையைத் திறந்து கழுவும் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தவனுக்கு விரல் மிஞ்சும்.

சண்முகராஜ் அந்த மூன்று மணி நேரத்தைக் குழாய்க்குக் கொடுத்தார். கழற்றி, பைக்கில் வைத்து, வெல்டிங் பட்டறைக்குப் போய்ப் பித்தளை உருக்கி அடைத்து, திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். ஸ்பேனர் பிடிக்க விரல் மடங்க மறுத்தது. நடுவிரலை வைத்துச் சமாளித்தார். இடையில் டீ வந்தது. கழுவாத கையோடு குடித்தார். பன்னிரண்டு மணிக்கு டேங்க் எழுந்து அசையாமல் நின்றது. மொக்கைச்சாமி பந்தலுக்குள் மருந்தை அடித்துக்கொண்டே போனார். நீலப்புகை மாதிரி கொடிகளுக்கு நடுவே பரவியது.

“சாப்பிட்டுப் போப்பா.”

“இல்லண்ணே. பசிக்கல.”

வீட்டுக்கு ஒரு மணிக்கு வந்தபோது ராமுத்தாய் சோற்றை எடுத்து வைத்திருந்தாள். அவருடைய கையைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். முழங்கை வரை நீலக்கறை. ஆள்காட்டி விரல் மட்டும் தடித்துக் கட்டையாக நின்றது.

“விரலுக்கு என்ன மாமா?”

“கம்பி குத்திருச்சு.”

“இம்புட்டு நீலமா இருக்கு?”

“துத்தம். மொக்கைச்சாமியண்ணே தோட்டத்துல மேல கொட்டிருச்சு.”

ராமுத்தாய் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போய் வந்தவள். துத்தக்கறைக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். பித்தளைக் குடம் விளக்குவது போல, ஊறவைத்த புளியை எடுத்து அவர் கையைத் தேய்த்தாள். சுண்டுவிரல் வெளுத்தது. மோதிரவிரல் வெளுத்தது. உள்ளங்கை ரேகையில் படிந்திருந்ததும் போனது. ஆள்காட்டி விரல் மட்டும் அப்படியே இருந்தது. இன்னொரு உருண்டை புளி எடுத்துத் தேய்த்தாள்.

“இது போகல மாமா.”

“நல்லாத் தேய்.”

“தேய்க்கத்தான செய்றேன். மத்ததெல்லாம் போயிருச்சு. இதுக்கு மட்டும் என்ன கேடு?”

“ஆயில் பட்ட எடத்துல துத்தம் புடிச்சிக்கிரும். மண்ணெண்ணெய் போட்டாப் போகும். விடு.”

அவர் வாயில் வந்ததைச் சொன்னார். அவள் நம்பவில்லை, ஆனாலும் மெக்கானிக் சொல்கிறாரே என்று விட்டாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். அதுவும் தவறு. சூடு கொடுத்தால் வீக்கம் ஏறத்தான் செய்யும். இரண்டு மணிக்கு வலி தொடங்கியது. மூன்று மணிக்கு அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. இரண்டு முறை வாந்தி எடுத்தார். நாலு மணிக்கு ராமுத்தாய் பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஏற்றிக்கொண்டு போனாள்.

போன இடம் ஐந்து படுக்கை உள்ள தனியார் கிளினிக். திராட்சைத் தோட்டத்து ஆள் வேர்த்துப்போய் வாந்தியோடு வந்தால் அங்கே முதல் கேள்வி மருந்தைப் பற்றித்தான் இருக்கும். பத்துக்கு ஒன்பது தடவை அதுதான் சரியான கேள்வி. பணியில் இருந்த இளம் டாக்டர் நீலம் படிந்த சட்டையைப் பார்த்தார். நீல விரலையும் பார்த்தார்.

“துத்தம் வாய்க்குள்ள போச்சா?”

“தெரியல சார். கை கழுவாம டீ குடிச்சேன்.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“பதினொரு மணி இருக்கும்.”

“விரல்ல என்ன?”

வராண்டாவில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தோட்டக்காரர்கள், எல்லாருடைய வண்டியையும் இவர் தொட்டிருக்கிறார். கதவு திறந்தே கிடந்தது. எத்தனையோ கசிவைக் கண்டுபிடித்த விரலை ஒரு குண்டூசி ஓட்டை ஏமாற்றிவிட்டது என்று அந்த நாலு பேர் காதுபடச் சொல்ல சண்முகராஜுக்கு வாய் வரவில்லை.

“கம்பி குத்திருச்சு சார்.”

ஒரு டி.டி. ஊசி போட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாலும் முட்டை வெள்ளையும் குடிக்கக் கொடுத்து, சிறுநீர் எப்படிப் போகிறது என்று பார்க்கச் சொல்லிப் படுக்க வைத்தார்கள். ராமுத்தாய் டாக்டரின் பின்னாலேயே நடந்தாள்.

“சார், புளி போட்டுத் தேச்சேன். மத்த வெரல்ல போயிருச்சு, இதுல போகல.”

“கழுவக் கழுவப் போயிரும்மா. உள்ள போன விஷம்தான் இப்ப முக்கியம்.”

இரண்டரை மணி நேரம் அப்படியே போனது. ஆறரை மணிக்கு வேலை மாறும் நேரத்தில் சொர்ணலதா என்ற நர்ஸ் வந்தாள். அறுபதை எட்டியவள், அரசு ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்று இங்கே வந்தவள். ராமுத்தாய் அவளிடமும் புளிக்கதையைச் சொன்னாள். சொர்ணலதா கட்டில் பக்கம் குனிந்தாள். அவர் கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலின் நகத்தை அழுத்திவிட்டு விட்டாள். அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவக்க வேண்டும். வாய்க்குள் பத்து வரை எண்ணினாள். சிவக்கவில்லை. உள்ளங்கையை அழுத்தினாள். பலாக்காய் மாதிரி இறுகியிருந்தது. சண்முகராஜ் அலறிவிட்டார்.

“இது துத்தம் இல்ல. என்ன குத்துச்சு?”

“கம்பி.”

“எந்தக் கம்பி? எங்க இருந்த கம்பி? கம்பி குத்துனா இரத்தம் வந்திருக்கும். வெக்கப்பட்டுக்கிட்டு மறைக்காதீக. இரத்தம் ஓடாம வெரலு நீலம் பாரிச்சுச் செத்துக்கிட்டு இருக்கு. இன்னும் மறைச்சா கையும் போகும்.”

அவர் ராமுத்தாயைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வண்டி ஓடுறப்ப பைப்ல கை வச்சேன். ஆயில் அடிச்சிருச்சு.”

“எத்தன மணிக்கு?”

“ஒம்பது.”

சொர்ணலதா கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமில்லை. டாக்டரைக் கூப்பிட்டு வந்தாள், டாக்டர் மதுரைக்குப் போன் செய்தார், ஆம்புலன்ஸ் வந்தது. போகும் வழியெல்லாம் கையை மார்புக்கு மேலே தூக்கியே பிடித்திருக்க வேண்டும் என்று ராமுத்தாயிடம் சொன்னாள். ராமுத்தாய் தன் தோளில் அவர் முழங்கையை வைத்துக்கொண்டு உசிலம்பட்டியைத் தாண்டி மதுரை வரை அசையாமல் உட்கார்ந்து போனாள். அவர் சொன்ன பொய்யைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அறுவை சிகிச்சை செய்த பெண் டாக்டர் மறுநாள் வார்டுக்கு வந்து நேராகச் சொன்னார். ஆள்காட்டி விரலை அடியோடு எடுத்தாகிவிட்டது. உள்ளங்கையைத் திறந்து கழுவியிருக்கிறது, மூடவில்லை. இன்னும் இரண்டு தடவை கழுவ வேண்டும். நடுவிரலின் நரம்பும் அழுகியிருக்கிறது. கட்டைவிரல் எவ்வளவு மடங்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

“மத்தியானமே வந்திருந்தா?” என்று கேட்டாள் ராமுத்தாய்.

“விரல் இருந்திருக்கலாம். நிச்சயமாச் சொல்ல மாட்டேன். இருந்திருக்கலாம்.”

டாக்டர் போனபின் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். சண்முகராஜ் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தபின் ஐந்து வாரம் தினமும் கட்டு மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே ராமுத்தாய் பார்த்துப் பழகிக்கொண்டாள். கொதிக்கவைத்து ஆறிய உப்புத்தண்ணீரில் பழைய கட்டை நனைத்து உரிப்பது, ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்க்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைப்பது, சிவப்புச் சதை நல்லது, மஞ்சள் கெட்டது, நாற்றம் வந்தால் அன்றைக்கே பஸ் ஏறுவது. முதல் வாரம் அவளுக்குக் குமட்டியது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்தாள். இரண்டாம் வாரம் துணி வேண்டியிருக்கவில்லை. திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட மகள் கயல் நாலு நாள் வந்து இருந்து, அப்பாவுக்குச் சோறு ஊட்டி, அழுது, போனாள். அவள் போனதும் ராமுத்தாய் ஊட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“இடது கை இருக்குல்ல. சாப்பிடுங்க.”

“இடது கையில சாப்பிடுறதா?”

“கழுவுன கைதான? நான் தோட்டத்துக்குப் போனா யாரு ஊட்டுவா? மொக்கைச்சாமியா வருவாரு?”

தட்டு சுவரில் போய் விழுந்தது. அவள் கூட்டி அள்ளிவிட்டு, இன்னொரு தட்டில் போட்டு முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானம் வந்து பார்த்தபோது தட்டு காலியாக இருந்தது. சுற்றிலும் பருக்கை சிந்திக் கிடந்தது. அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். அன்றிலிருந்து அவர் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். ஊரில் காதுகுத்து வந்தது, கிடாவெட்டு வந்தது. பந்தியில் உட்கார வேண்டுமே என்று எதற்கும் போகவில்லை.

தை பிறந்தபின் மொக்கைச்சாமி வந்தார். மழைக்கு முன்னால் மருந்து காய்ந்துவிட்டது என்றும், கொடி நல்ல அரும்பு விட்டிருக்கிறது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, இந்த வீட்டில் அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியவராகத் தோள் துண்டை எடுத்து மடியில் மடித்தார்.

“நான்தானப்பா மேல லிவரைப் புடிச்சிக்கிட்டு இருந்தேன். என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்ன.”

“ஆமாண்ணே.”

“ஒரு வார்த்த சொல்லிருந்தா மருந்து நாசமாப் போகுதுன்னு விட்டுட்டுக் கார் புடிச்சிருப்பேனே.”

“எருமையைக் குளிப்பாட்டுறேன்னு என்னைச் சொன்னியே, இப்ப நீ என்ன செஞ்சேன்னு கேட்ருப்பீக.”

“கேட்ருப்பேன். கேட்டுக்கிட்டே கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

மாசியில் அவர் ஒரு தடவை முயன்று பார்த்தார். ஊர் எல்லையில் ஒரு குட்டி டிராக்டருக்கு அதே ஃபில்டர் வேலை. காயம் ஆறியிருந்தது. ஆனால் நடுவிரல் கொக்கியாக வளைந்து நின்றுவிட்டது, கட்டைவிரல் பக்கவாட்டில் மட்டும் அசைந்தது. இடது கையால் ஃபில்டரைத் திருகினார். அது சுழன்றது, பிடி நழுவியது, ஆயில் சட்டை முழுக்க ஊற்றியது. மூன்றாவது தடவை வண்டிக்காரர், “நான் திருகட்டுமா மெக்கானிக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். திருகிக் கொடுத்தார். சண்முகராஜ் பக்கத்தில் நின்று பார்த்தார். கூலியை வாங்கிக்கொள்ளவில்லை. மறுபடி யார் கூப்பிட்டும் போகவில்லை. பெட்டிகள் அடுக்கும் ஒரு ஷெட்டில் பகல்நேரக் காவலுக்கு உட்கார்ந்தார். வருகிற வண்டியின் எண்ணை இடது கையால் எழுத வேண்டும். முதல் மாதம் அவர் எழுதியதை அவராலேயே படிக்க முடியவில்லை.

சித்திரையில் ராமுத்தாய் அவரைத் தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊனச் சான்றிதழ் கொடுக்கும் முகாம். ஒரு பெரிய அறையில் பெஞ்சு போட்டு வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். கால் இல்லாதவர்கள், கண் தெரியாதவர்கள், தாயின் இடுப்பில் தலை நிற்காத பிள்ளைகள். எல்லாருக்கும் முன்னால்தான் பரிசோதனையும். டாக்டர் அவருடைய கையை மேசையில் வைத்துக் கட்டைவிரலால் ஒவ்வொரு விரலையும் தொடச் சொன்னார். எந்த விரலையும் அது எட்டவில்லை. மணிக்கட்டை மடக்கச் சொன்னார். ஒரு பென்சிலைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பென்சில் உருண்டு கீழே போனது. ராமுத்தாய் எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் ஒரு புத்தகத்தைப் பார்த்துக் கூட்டிக் கழித்தார்.

“முப்பத்தாறு சதவீதம் வருது. நாற்பது இருந்தாத்தான் உதவித்தொகைக்கு எழுத முடியும். சான்றிதழ் தர்றேன்.”

“வலது கைங்க ஐயா. வேலை செய்யுற கை” என்றாள் ராமுத்தாய்.

“தெரியுதும்மா. கணக்கு இப்படித்தான் இருக்கு.”

பக்கத்து மேசையில் சான்றிதழைப் பூர்த்தி செய்யும் பெண் இருந்தாள். பெயர், ஊர், வயது எல்லாம் எழுதிவிட்டு, “எப்படி ஆச்சு?” என்றாள், தலை நிமிராமல்.

ராமுத்தாய் வாயைத் திறந்தாள். சண்முகராஜ் இடது கையால் அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

“நான் டிராக்டர் மெக்கானிக்கும்மா. ஹைட்ராலிக் பைப்புல கசிவு. இன்ஜினை அமத்திட்டுப் பாத்திருக்கணும், இல்ல ஒரு அட்டையை நீட்டிப் பாத்திருக்கணும். பக்கத்துலயே அட்டை கெடந்துச்சு. ஓடுற வண்டியில கையை வச்சேன். ஆயில் உள்ள போயிருச்சு. அதைச் சொல்லாம காலைலருந்து பொழுது சாயுற வரைக்கும் மறைச்சேன். பொண்டாட்டிகிட்ட மறைச்சேன், டாக்டர்கிட்ட மறைச்சேன். கம்பி குத்துச்சுன்னு சொன்னேன். அதுலதான் போச்சு.”

அவர் சத்தமாகவே சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீலச்சட்டை போட்ட ஒரு தோட்டக்காரர், ஓடைப்பட்டிப் பக்கத்து முகம், தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாளில் இருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தாள்.

“இவ்வளவும் எழுத இதுல இடம் இல்லைங்க ஐயா. இயந்திர விபத்துன்னு போடவா?”

“போடுங்க” என்றார் சண்முகராஜ்.

அவள் எழுதி முடித்து அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.